ஒரு பக்கம் மட்டும் பார்த்த எஞ்சின்

தகரக்கார ஆத்மநாதன் என்றால் திருமயத்தைச் சுற்றிப் பத்து மைலுக்குத் தெரியாதவர்கள் குறைவு. ஓட்டை வாளிக்கு அடி போடுவார், அரிக்கன் விளக்குக்கு ஈயம் பற்றவைப்பார், மளிகைக் கடைகளுக்குப் புனல் செய்து கொடுப்பார். அதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ரயில். ஒரு முழ நீளத்துக்கு எஞ்சின், பின்னால் நாலு பெட்டி. பால் பவுடர் டின்னை உருட்டினால் பாய்லர். பிஸ்கட் டின்னை வெட்டினால் டிரைவர் நிற்கிற கூண்டு. பழைய குடைக்கம்பிதான் கைப்பிடி. தகரத்தின் உள்பக்கம் மழுங்கின ஆணியை வைத்து ஒரே சீராகத் தட்டிக்கொண்டே போய், வெளிப்பக்கம் ரிவெட் வரிசையை எழுப்பிவிடுவார். எஞ்சினுக்கு நானூறு தட்டு. ஒன்று கோணினாலும் அந்தத் தகடு குப்பைக்குத்தான். பெட்டியின் பக்கவாட்டில், அணில் வால் முடியில் கட்டிய பிரஷ்ஷால் மூன்றாம் வகுப்புக்கான மூன்று கோட்டைப் போடும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார்.

செட்டியார் வீடுகளில் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்து சேர்ந்த சாவி ரயில்கள் இருந்தன. பெயிண்ட் உரிந்து, சக்கரம் கழன்று அவையும் இவரிடம்தான் வரும். பழைய சாயத்தைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று கை சாயம் ஏற்றித் திருப்பிக் கொடுத்தால், கொடுத்தவர்களே "இது எங்க வீட்டுதா?" என்று கேட்பார்கள். இவர் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கமான மனுஷன் என்று ஊர் சொல்லும். அடக்கமாவது, மண்ணாவது! உள்ளே கிடந்தது வேறு.

ஏனென்றால் இவ்வளவு நுணுக்கம் பார்க்கிற அந்த மனுஷர் ரயில்வே ஸ்டேஷனுக்குள் மட்டும் கால் வைக்க மாட்டார். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுவோம். காலை வண்டி அங்கே பத்து நிமிஷம் நின்று தண்ணீர் பிடிக்கும். போய் எஞ்சினை ஆசை தீரச் சுற்றிப் பார்க்கலாம், ஒருவரும் தடுக்கப் போவதில்லை. போக மாட்டார். தண்டவாளத்துக்குக் கிழக்கே கண்மாய்க் கரை. அங்கே கருவேலமரத்து மறைவில் நின்று, தெற்கே போகிற வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். அதே வண்டி வடக்கே திரும்பி வரும்போது இருட்டிவிடும். எதுவும் தெரியாது. புதுக்கோட்டைக்குப் போக வேண்டுமென்றாலும் பஸ்தான். "தகர ரயிலு செய்யிறவுக நெச ரயில்ல ஏற மாட்டேங்கிறீகளே" என்று அவர் மனைவி அழகி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். "கரித்தூசி ஒத்துக்கல, இருமுது" என்பார். பொய்.

உண்மையைச் சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆத்மநாதன் அந்த ஸ்டேஷனில் திருடினார்.

நாற்பத்தொன்பதாம் வருஷம். அப்போது ஸ்டேஷனில் விளக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் வெள்ளைச்சாமி. கைகாட்டி மரத்தில் ஏறி விளக்கு வைப்பது, சிம்னி துடைப்பது, கைகாட்டிக்குச் சாயம் அடிப்பது எல்லாம் அவர் வேலை. நிரந்தரம் இல்லை, ஆனாலும் காக்கிச் சட்டை உண்டு. பக்கத்துத் தெருக்காரர். ஆத்மநாதனைவிட மூன்று வயது மூத்தவர். "வா தம்பி, வண்டி நிக்கிறப்பவே நல்லாப் பாத்துக்க" என்று எஞ்சினின் அடிவயிறு வரைக்கும் குனிந்து காட்டியவர். விளக்கு அறையிலும் ஆத்மநாதன் சொந்த வீட்டில் புழங்குகிற மாதிரி புழங்கலாம்.

அந்தச் சமயம் ஆத்மநாதன் தன்னுடைய முதல் பெரிய எஞ்சினை முடித்திருந்தார். கறுப்பு நன்றாக ஏறிவிட்டது. முன்பக்கம் குறுக்கே வருகிற தகட்டுக்குச் சிவப்பு வேண்டும். பஜாரில் வாங்கின சிவப்பு காய்ந்ததும் காவியாகப் போயிற்று. இன்னொன்று குங்குமமாக நின்றது. ரயில்வே சிவப்பு என்று ஒன்று இருக்கிறதே, வெயிலில் அரை மைலுக்கு அப்பாலும் அடித்துச் சொல்லுமே, அது விளக்கு அறையில் வெள்ளைச்சாமியின் பொறுப்பில் ஒரு சின்ன டப்பாவில் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சர்க்கார் சாமான், அவருக்குச் சங்கடம் வருமே என்று கேட்கவில்லையாம். கேட்டால் சங்கடமாம், எடுத்தால் இல்லையாம்! புத்தி போன போக்கைப் பாருங்கள்.

வெள்ளைச்சாமி கைகாட்டி மரத்தில் இருந்த நேரமாகப் பார்த்து, துண்டுக்குள் ஒரு கொட்டாங்கச்சியோடு உள்ளே போனார். இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றிக்கொண்டால் போதும். டப்பாவைத் திறந்தால் மேலே ஆடை கட்டிக் கிடக்கிறது, சாய்த்தால் விழவில்லை. குச்சியைத் தேடுகிறார். அதற்குள் வெளியே இன்ஸ்பெக்டரின் தள்ளுவண்டி தண்டவாளத்தில் கடகடவென்று வருகிற சத்தம். டப்பாவை இருந்த இடத்தில் வைத்திருந்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் பயம் பிடித்தவன் கைக்கு அது தோன்றுமா? டப்பாவைத் துண்டோடு சுருட்டி இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டார். சாயங்காலம் கொண்டுபோய் வைத்துவிடுவோம் என்று நினைத்தார்.

சாயங்காலம் வரைக்கும் விஷயம் பொறுக்கவில்லை. கைகாட்டிக்குப் புதுச் சாயம் அடிக்கச் சொல்லத்தான் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். டப்பா எங்கே என்றார். வெள்ளைச்சாமி தேடு தேடென்று தேடினார். எங்கே கிடைக்கும்? விற்றுத் தின்றுவிட்டான் என்று முடிவாகி, காக்கிச் சட்டையை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பனியனோடு தெரு வழியே நடந்து வந்தார் வெள்ளைச்சாமி. ஆத்மநாதன் அதைத் தன் வாசல் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார்.

அப்போதாவது வெளியே ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டாமா? நாளைக்குச் சொல்லலாம் என்றார். நாளை என்பது வெள்ளிக்கிழமை ஆயிற்று, வெள்ளிக்கிழமை தை மாதம் ஆயிற்று. இதில் கேட்கவே சகிக்காத ஒன்று உண்டு. அந்தச் சிவப்பை அவர் வீணாக்கவில்லை. எஞ்சினின் முன்தகட்டுக்கு இரண்டு கை அடித்தார். அப்படியே அசல். பார்த்தவர்களெல்லாம் முதலில் சொன்னது அந்தச் சிவப்பைப் பற்றித்தான். ஒவ்வொரு தடவையும் ஆத்மநாதனுக்குக் காது மடல் கொதித்தது. கடைசிச் சொட்டு காய்ந்த பிறகும் டப்பாவை எறியத் துணிவில்லாமல் பரணில் சொருகி வைத்தார்.

வெள்ளைச்சாமி விறகு பிளக்கப் போனார். கல்யாண வீடுகளுக்குத் தண்ணீர் இழுக்கப் போனார். திருவரங்குளம் வரைக்கும் மூட்டை சுமந்தார். யாராவது சாமான் காணோம் என்றால் முதலில் அவர் மடியைத்தான் பார்ப்பார்கள். அவருக்குப் போன பேரை மீட்டுக் கொடுக்க உலகத்தில் ஒரே ஒருவரால் முடியும். ஒரு வாய்ச்சொல் போதும். அந்த வாய்ச்சொல்தான் பன்னிரண்டு வருஷமாக வரவில்லை. வெள்ளைச்சாமியோ வழியில் கண்டால், "என்ன தம்பி, புது எஞ்சின் விட்டிருக்கான்ல, செஞ்சிட்டியா?" என்று நின்று விசாரிப்பார். ஆத்மநாதன் அவசர வேலை என்று நழுவுவார். பிறகு அந்த வழியையே மாற்றிக்கொண்டார்.

புது எஞ்சின் உண்மையிலேயே வந்திருந்தது. பழையதைவிட நீளம், ஒய்யாரம். ஆத்மநாதன் கரையில் நின்று ஒரு மாதம் பார்த்தார். பாய்லரின் பக்கவாட்டில் ஒரு தடித்த குழாய் கூண்டிலிருந்து புகைபோக்கி வரைக்கும் ஓடுவதைக் குறித்துக்கொண்டார். மறுபக்கம் எப்படியோ? ஸ்டேஷனுக்குப் போனால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். போக முடியாது. அதனால் இந்தப் பக்கத்தையே அப்படியே அந்தப் பக்கமும் செய்துவிட்டார். எட்டு எஞ்சின் அப்படிச் செய்தார். எல்லாம் கண்ணாடி அலமாரியில் ஒரு பக்கமாக நிற்கிறவை. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அறுபத்தொன்றில் ஆதப்பச் செட்டியார் வீட்டுக் கல்யாணம். மகள் மீனாளுக்குச் சீர் சாமான் பரப்பியிருந்தார்கள். வளவு என்கிற நடுக்கட்டு முழுக்கப் பாய் விரித்து, வெள்ளி ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம், எவர்சில்வர், பீங்கான், பாய், தலையணை என்று கால் வைக்க இடமில்லை. அடுத்த தலைமுறைக்கும் சேர்த்துக் கொடுக்கிற பழக்கம் அவர்களுக்கு. பிறக்கப் போகிற பேரனுக்கென்று ஆத்மநாதனின் ரயிலையும் வெள்ளிக் குடங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். செட்டியார் ஆள் விட்டு அவரையும் வரவழைத்திருந்தார்.

மாப்பிள்ளையின் அண்ணன் ராமசுப்பிரமணியன் ரயில்வேயில் எஞ்சினியர். மற்றதையெல்லாம் தாண்டிவிட்டு நேரே ரயிலிடம் வந்து உட்கார்ந்துவிட்டார். ரிவெட்டை விரலால் தடவிப் பார்த்தார். "யாரு செஞ்சது? நீங்களா? பிரமாதங்க" என்றார். எஞ்சினைத் தூக்கி மறுபக்கம் திருப்பினார். மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார்.

"இந்தக் குழாய் டிரைவர் பக்கம் மட்டும்தானே வரும்? அங்கிட்டும் வச்சிருக்கீங்களே. நேர்ல பாக்கலையா?"

வேறு எண்ணத்தோடு அவர் கேட்கவில்லை. ரசித்துப் பார்த்தவர் கேட்கிற கேள்விதான். ஆனால் வளவு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆத்மநாதன் துண்டை உதறி உதறித் தோளில் போட்டார். கண்மாய்க் கரையிலிருந்து பார்த்தேன் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்றால்?

அண்டாவுக்குத் தண்ணீர் கொண்டு போய்க்கொண்டிருந்த வெள்ளைச்சாமி நின்றார். குடத்தை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"ஐயா, புதுசா வந்தப்ப ரெண்டு பக்கமும் கொழாய் இருந்துச்சுங்க. பெறகுதான் ஒரு பக்கத்தைக் கழட்டுனாங்க. ஆசாரி தப்பா வைக்க மாட்டாருங்க. நா ஸ்டேஷன்ல லாம்ப்மேனா இருந்தவன், எனக்குத் தெரியும்."

அத்தனையும் பொய். அந்த எஞ்சின் வருவதற்கு முன்பே அவரை விரட்டிவிட்டார்கள். நம்ம தெருக்காரன் நாலு பேர் நடுவில் திணறுகிறானே என்று சொன்னதுதான். லாம்ப்மேன் என்று சொல்லும்போது மட்டும் முதுகைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார். ராமசுப்பிரமணியன் எஞ்சினியர் அல்லவா, அவருக்குத் தெரியாதா? சிரித்துக்கொண்டே, "அப்படியா, இருக்கும் இருக்கும்" என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

விடாதவர் செட்டியாரின் கணக்கப்பிள்ளை மலையாண்டி. "ஓகோ, அந்த வெள்ளைச்சாமியா நீ? பெயிண்டு டப்பாவத் திருடிப்புட்டு ஓடுனவன்ல? ஒன்னைய யாருய்யா உள்ள விட்டது? வெள்ளிச் சாமான் கிட்ட நிக்காத, அங்கிட்டுப் போ. போயா!"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒரு ஆச்சி பாய் ஓரத்தில் இருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்து உள்ளே தள்ளி வைத்தாள். வெள்ளைச்சாமி குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். ஆத்மநாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்போதும் வாய் திறக்கவில்லை. செட்டியார் போர்த்திய சால்வையை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். சீ, என்ன ஜென்மமோ!

அவருக்கே அப்படித்தான் தோன்றியது. மறுநாள் காலை பரணில் ஏறி டப்பாவை எடுத்தார். அதைக் கண்டதும் அழகி, "அதென்ன துருப்பிடிச்ச டப்பா?" என்றாள். சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மனித உயிரிடம் சொன்னார். அவள் டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "மருதாயி அக்கா மொகத்துல நா இனி எப்படி முழிப்பேன்?" என்றாள். மருதாயி வெள்ளைச்சாமியின் மனைவி. இருவரும் தினமும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்பவர்கள்.

வெள்ளைச்சாமியிடம் நேரே போகவில்லை மனுஷர். அங்கேயும் ஒரு கோழைத்தனம். முதலில் ஸ்டேஷனுக்குப் போனார். ஸ்டேஷன் மாஸ்டர் வேற்றூர்க்காரர், வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. டப்பாவை மேஜைமேல் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார் ஆத்மநாதன்.

மாஸ்டர் டப்பாவையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "நாப்பத்தொம்பதா? அந்த ரயில்வே பேரே இப்ப இல்லையேய்யா! நான் யாருக்குன்னு எழுதுறது?"

"வெள்ளைச்சாமி எடுக்கலைன்னு எழுதிக் குடுங்க சார். அது போதும்."

"எழுதலாம். ஆனா அவரு எடுத்தாருன்னும் இங்க எங்கயும் எழுதலையே. டெம்பரவரி ஆளுக்கு ஏதுய்யா காயிதம்? போகச் சொல்லியிருப்பாங்க, போயிருப்பாரு. அவ்வளவுதான்." டப்பாவை நகர்த்தி வைத்தார். "இதை எடுத்துட்டுப் போங்க, மேஜையில துருப் படியுது."

காலை வண்டி வந்து நின்றது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு ஆத்மநாதன் எஞ்சினின் மேற்குப் பக்கத்தைப் பார்த்தார். அங்கே தடித்த குழாய் இல்லை. மெலிந்த கம்பிதான் ஓடியது. இதற்குத்தானே இத்தனை வருஷம் ஏங்கினோம் என்று நின்று பார்க்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை. டப்பாவைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

வெள்ளைச்சாமி வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஆத்மநாதன் டப்பாவை அவர் காலடியில் வைத்தார். "அண்ணே, அத எடுத்தது நாந்தாண்ணே" என்றார்.

வெள்ளைச்சாமிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கோடாலியைச் சாய்த்து வைத்துவிட்டு டப்பாவை எடுத்தார். மூடியின் ஓரத்தில் அவரே ஆணியால் கீறிய அடையாளம் இருந்தது. அதை விரலால் தடவினார்.

"எனக்கு நீ பழக்கமில்லாத ஆளா? கேட்டிருந்தா நானே ஊத்திக் குடுத்திருப்பேனேடா."

"அடிச்சுருங்கண்ணே."

"அடிச்சு என்ன பண்ண?" மூச்சு வாங்கியது அவருக்கு. "நேத்து ஒனக்காகத்தானடா அங்க வந்து பேசுனேன். அப்பக்கூட ஒனக்கு வாயி வரலையா?"

ஆத்மநாதன் தரையைப் பார்த்தார். ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன், செட்டியார் வீட்டுக்கும் போய்ச் சொல்கிறேன், கணக்கப்பிள்ளை முன்னாலேயே சொல்கிறேன் என்று குழறினார். வெள்ளைச்சாமி கையை ஆட்டி நிறுத்தினார்.

"அங்கெல்லாம் அப்பறம் போ. மொதல்ல உள்ள வந்து மருதாயிகிட்டச் சொல்லு. அவ இன்னைக்கி வரைக்கும் நாந்தான் எடுத்தேன்னு இருக்கா."

உள்ளே மருதாயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஆத்மநாதன் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "மதினி, அண்ணன் ஒரு தப்பும் பண்ணல. அந்த டப்பாவ நாந்தான் எடுத்தேன்."

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், ஊரைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் நின்றார். எது கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தார். மருதாயி அவர் பக்கம் திரும்பவே இல்லை. புருஷனைப் பார்த்தாள். ஊதுகுழல் கையிலிருந்து நழுவியது.

"ஒவ்வொரு சண்டையிலயும் களவாணிப் பயலேன்னுதான கூப்பிட்டேன்" என்றாள். "பிள்ளைக முன்னாடி கூப்பிட்டேனே. போன வாரங்கூடக் கூப்பிட்டேனே. இல்லடி, நா எடுக்கலைன்னு நீயும் எத்தனை தடவை சொன்ன! ஒரு தடவையாச்சும் நம்புனேனா?"

"விடுடி" என்றார் வெள்ளைச்சாமி.

"பன்னெண்டு வருசம் பேசுன பேச்ச நா இனி எங்கிட்டுய்யா கொண்டு போய்ப் போடுவேன்?" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தன்னோடு போய்விடும் என்று ஆத்மநாதன் நினைத்துக்கொண்டு வந்த வெட்கம் அந்த வீட்டில் இன்னொருத்தி தலையிலும் ஏறிவிட்டது. அதை எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. வாசல்நிலையைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றுகொண்டே இருந்தார். வெள்ளைச்சாமி குனிந்து ஊதுகுழலை எடுத்து, அணையப் போன அடுப்பைத் தானே ஊத ஆரம்பித்தார்.